மண்ணுக்கு இரண்டு விரல் கீழே

உண்ணிச்செடி தெரியுமா? பெயர் தெரியாவிட்டாலும் செடி தெரிந்திருக்கும். ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் ரோஸுமாகப் பூக்கும். இலையைக் கசக்கினால் ஒரு மாதிரி நெடி அடிக்கும். தண்டெல்லாம் சின்னச் சின்ன முள். மிளகு மாதிரி கறுப்பாகப் பழம் பழுக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அந்தப் பழத்தைத் தின்று வாயைக் கறையாக்கிக்கொள்ளாத பிள்ளைகள் எங்கள் தென்காசிப் பக்கம் குறைவு. (பச்சைக்காய் விஷம். யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம்.)

தாவரவியல் பெயர் லண்டானா கமாரா. நான் இப்போது பிழைப்பு நடத்தும் டேராடூன் பக்கத்தில் இதற்குக் 'குரி' என்று பெயர். மகாராஷ்டிரத்தில் 'கணேரி', அதாவது நாற்றம் பிடித்தது. ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறதே தவிர புலம்பல் ஒன்றுதான்: "வெட்ட வெட்ட வருது சார்!"

இந்தப் பதிவு அந்தப் புலம்பலின் வரலாறு. இன்னும் சரியாகச் சொன்னால், இருநூறு வருடமாக இந்தச் செடியை ஒழிக்க நாம் கையில் எடுத்த ஆயுதங்களின் வரலாறு. அதிலும் குறிப்பாக மலைச்சரிவில். சமதரையில் தப்பான கருவியை எடுத்தால் கூலியும் நேரமும் வீண், அதோடு போச்சு. சரிவில் தப்பான கருவியை எடுத்தால் அடுத்த மழையில் மண்ணே கிளம்பி வீட்டுக்குள் வந்துவிடும். இமயமலை அடிவாரத்தில் குடியிருப்பவனுக்கு இது பொழுதுபோக்கு விஷயம் இல்லை.

தோட்டத்துக்கு வந்த விருந்தாளி

லண்டானாவின் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கா. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அதை பிரேசிலிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே தோட்டக்காரர்கள் கையில் சிக்கி, ஒட்டுக்கட்டி, கலப்பு செய்து, நிறம் நிறமாக ரகங்கள் உருவாயின. ஆகவே நம் காட்டில் இருக்கிற லண்டானா அமெரிக்கக் காட்டுச்செடி அப்படியே வந்ததல்ல. ஐரோப்பியத் தோட்டத்தில் படித்து, பட்டம் வாங்கிக்கொண்டு வந்தது :-)

கிழக்கிந்தியக் கம்பெனி 1787-ல் கல்கத்தாவில் ஒரு தாவரவியல் பூங்கா ஆரம்பித்தது. அங்கே 1809 வாக்கில் லண்டானா வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். வந்த காரணம் ரொம்ப சாதாரணம்: பூ அழகு. அப்புறம் இன்னொரு சௌகரியமும் தெரிந்தது. ஆடு மாடு வாய் வைக்காது, சீக்கிரம் வளரும், முள் இருக்கிறது. வேலிக்கு இதைவிட என்ன வேண்டும்? துரைமார் பங்களாக்களுக்கும் காபித் தோட்டங்களுக்கும் வேலியானது.

வேலியைத் தாண்ட உதவியவை குருவிகள். கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்று, போய் உட்காருகிற மரத்தடியில் எல்லாம் விதை போட்டன. அதே காலத்தில் ரயில் பாதைக்குக் கட்டை வேண்டுமென்று இமயமலை அடிவாரத்தின் சால மரங்களும், மேலே இருந்த தேவதாருக்களும் சாய்ந்துகொண்டிருந்தன. வெயில் விழாத காட்டில் லண்டானா சவலையாகத்தான் வளரும். மரத்தை எடுத்து வெளிச்சம் கொடுத்துவிட்டால் புதராகிவிடும். விதை குருவி கொடுத்தது, இடம் கோடாலி கொடுத்தது.

நூறு வருடத்தில் அலங்காரச்செடி குற்றவாளியாகிவிட்டது. 1914-ல் குடகில் களை ஒழிப்புச் சட்டமே போட்டார்கள். காபித் தோட்டத்தையும் சந்தனக்காட்டையும் லண்டானா மூடிக்கொண்டு வந்ததுதான் காரணம். ஒரு காலத்தில் வேலியாக நட்டதை இப்போது நிலத்தில் வைத்திருப்பதே தப்பு.

சட்டம் போடுவது சுலபம். எதை வைத்து ஒழிப்பது?

முதல் ஆயுதம்: அரிவாள்

யாருக்கும் முதலில் கை போவது வெட்டுக்கருவியின் மேல்தான். கார்வால் மலைக்காரர்களிடம் இரண்டு வகை உண்டு. ஒன்று 'தராந்தி'. நம் பண்ணரிவாள் மாதிரி வளைந்தது, புல்லறுக்க. இன்னொன்று 'பாட்டல்'. கனமான இரும்பு, விறகும் கிளையும் வெட்ட. நம் வெட்டரிவாளின் தூரத்துச் சொந்தம். வடகிழக்கில் 'தாவோ'. ஒரே கத்தி, வீடு கட்டுவது முதல் காடு திருத்துவது வரை எல்லாவற்றுக்கும் அதுதான்.

இந்தக் கத்திகள் எதற்காகப் பிறந்தவை என்று யோசித்தால் ஒரு விஷயம் பிடிபடும். நாகாலாந்து, மிசோரம் மலைகளில் ஜூம் விவசாயம் செய்பவர்கள் செங்குத்தான சரிவில்தான் காடு வெட்டுகிறார்கள். ஆனால் வேரைத் தொடுவதில்லை. அடிக்கட்டையை நிற்கவிட்டு மேலே வெட்டுவார்கள், ஏர் பூட்ட மாட்டார்கள், குழி குத்தி விதை போடுவார்கள். கோஹிமா பக்கத்துக் கோனோமா கிராமத்தில் ஆல்டர் மரத்தைத் தரையோடு வெட்டாமல், ஆள் உயரத்துக்கு விட்டு மேலே மட்டும் கழிப்பார்கள். மரம் மறுபடி தழைக்கும், மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும், வேர் சரிவைப் பிடித்துக்கொண்டிருக்கும். சில வருடம் பயிர் செய்துவிட்டு நகர்ந்தால், காடு திரும்ப வந்துவிடும்.

அதாவது, மண்ணுக்கு மேலே வெட்டுகிற கத்தி 'திரும்ப வர வேண்டியதை' வெட்டுவதற்கான கருவி. புல், விறகு, தழை, ஜூம் காடு எல்லாமே வெட்டினால் திரும்ப வர வேண்டும். அதற்காகத்தான் பல தலைமுறையாக அந்த இரும்பைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

அதே கத்தியை லண்டானா மேல் போட்டால் என்ன ஆகும்? கத்தி தன் வேலையைச் சரியாகத்தான் செய்யும். லண்டானா திரும்ப வரும். தண்டும் வேரும் சேருகிற இடத்தில், மண்ணை ஒட்டி, அதற்கு ஒரு முளைக்கும் பகுதி இருக்கிறது. மேலே வெட்டினால் அங்கிருந்து நாலைந்து தளிர் கிளம்பும். போன வருடம் ஒற்றைத் தண்டு, இந்த வருடம் குத்து. "வெட்ட வெட்ட வருது" என்பது புலம்பல் மட்டுமல்ல, துல்லியமான தாவரவியல் குறிப்பும்கூட.

இரண்டாவது ஆயுதம்: நெருப்பு

கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன மலையில் சோலிகர் என்ற ஆதிவாசி மக்கள் இருக்கிறார்கள். கோடை முற்றுவதற்கு முன்பே, சருகு மட்டும் எரிகிற மாதிரி சின்னதாகத் தீ வைப்பது அவர்கள் பழக்கம். 1974-ல் அந்த மலை சரணாலயமானது. தீ வைப்பது நின்றது. அந்தச் சருகுத்தீ நின்ற பிறகுதான் லண்டானா தலைகால் தெரியாமல் வளர்ந்தது என்று சோலிகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். 1997-ல் கணக்கெடுத்த அதே காட்டை 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் திரும்ப அளந்தபோது லண்டானா வெகுவாகப் பெருகியிருந்தது. பெரியவர்கள் சொன்னதற்கு அது வலு சேர்க்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ கொளுத்திட வேண்டியதுதானே" என்று கிளம்பக் கூடாது. நாற்றாக இருக்கும்போது ஓடுகிற சருகுத்தீ வேறு, ஆள் உயரப் புதரில் பற்றுகிற தீ வேறு. வளர்ந்த லண்டானா எரியும்போது பக்கத்து மரத்தையும் சேர்த்துக் கருக்கிவிடும். மழை பெய்ததும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும் அடியிலிருந்து தான் மட்டும் முளைக்கும். சரிவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மண்ணைப் போர்த்தியிருந்த சருகு போய்விடுவதால் முதல் மழையின் துளி நேரே மண்ணில் அடிக்கும். மேல்மண் கரைந்து ஓடும். சோலிகரின் நெருப்பு வருமுன் காக்கிற கருவி. வந்த பிறகு அது உதவாது.

மூன்றாவது ஆயுதம்: பூச்சி

இது டேராடூன் கதை என்பதால் எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது.

"இந்தச் செடிக்கு இங்கே எதிரி இல்லை, அதனால்தான் ஆடுகிறது, எதிரியைக் கொண்டு வருவோம்" என்ற யோசனை பழையது. 1916-லிருந்து 1919 வரை ஒய். ராமச்சந்திர ராவ் என்ற பூச்சியியலாளர், நம் நாட்டிலும் பர்மாவிலும் லண்டானாவைத் தின்னும் பூச்சி ஏதாவது இருக்கிறதா என்று தேடி அலைந்தார். 1920-ல் அறிக்கை வந்தது. பூச்சிகள் நிறைய இருந்தன, செடியைச் சாய்க்கிற அளவுக்கு எதுவும் இல்லை. 1921-ல் ஹவாயிலிருந்து ஒரு ஈயைக் கொண்டுவந்தார்கள். அது பழத்துக்குள் முட்டையிடும். ஈ பிழைத்துக்கொண்டது, லண்டானாவும் பிழைத்துக்கொண்டது.

1941-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து டெலியோனீமியா என்ற ஒரு சின்ன சாறுறிஞ்சும் பூச்சி டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. (அந்தச் செங்கல் மாளிகையை ஏதாவது ஒரு ஹிந்தி சினிமாவில் கல்லூரியாகப் பார்த்திருப்பீர்கள்.) வெளியே விடுவதற்கு முன் அடைத்து வைத்துச் சோதித்தார்கள். வந்த விருந்தாளி தேக்கு மரத்துப் பூவையும் ருசி பார்த்துவிட்டது. வனத்துறைக்காரர்கள் தேக்கைச் சொந்தப் பிள்ளை மாதிரி பார்ப்பவர்கள். விடுவார்களா? வளர்த்த பூச்சி அத்தனையையும் அழித்துவிட்டார்கள்.

ஆனால் பத்து வருடம் கழித்து, 1951-ல், அதே பூச்சி டேராடூன் காட்டு லண்டானாவில் உட்கார்ந்திருந்தது. எப்படியோ தப்பித்திருக்கிறது. பயந்த மாதிரி அது தேக்கை அழிக்கவில்லை, எதிர்பார்த்த மாதிரி லண்டானாவையும் அழிக்கவில்லை. கோடையில் இலை வெளுத்து உதிரும். மழை வந்ததும் செடி புதுச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். காரணம் அதேதான். பூச்சி தின்பது இலையை. செடியின் உயிர் இருப்பது மண்ணை ஒட்டிய கழுத்தில்.

நான்காவது ஆயுதம்: எந்திரம்

1971-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து, நைலான் நரம்பு சுழன்று புல் வெட்டுகிற கருவியைக் கண்டுபிடித்தார். அந்த வம்சத்தில் வந்ததுதான் இப்போது ரோட்டோரம் 'ட்ர்ர்ர்' என்று கேட்கும் புதர்வெட்டி. நரம்புக்குப் பதில் இரும்புத் தகடு மாட்டினால் லண்டானாத் தண்டையும் அறுக்கும். வேகம் அசாத்தியம். ஆனால் அதுவும் அரிவாளின் வேலையைத்தான் செய்கிறது: மண்ணுக்கு மேலே வெட்டுவது. வித்தியாசம், பெட்ரோல் செலவு. சரிவில் இன்னும் மோசம். இரண்டு கையும் எந்திரத்தில் இருப்பதால் கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ளக் கை இருக்காது. தகடு கல்லில் பட்டால் கல் பறக்கும், கீழே நிற்பவன் பாடு திண்டாட்டம்.

அடுத்தது மஞ்சள் வண்டி. 1979-ல் ஹரியானாவின் பல்லப்கட்டில் ஜேசிபி தொழிற்சாலை தொடங்கியது. அதற்குப் பிறகு மண் தோண்டும் எந்திரம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நமக்கு ஜேசிபிதான். இது வேரோடு பிடுங்கும். லண்டானா திரும்ப வராது. அப்பாடா, விடை கிடைத்தது என்று தோன்றும். சமதரையில் பாதி விடைதான் அது. சரிவில் விடையே இல்லை. காரணம் இரண்டு.

ஒன்று, எந்திரம் சரிவில் ஏறாது. அடிவாரத்தில் நின்று எட்ட வேண்டும். நிற்க இடம் வேண்டுமென்று சரிவின் பாதத்தைச் செதுக்கும். சரிவு தன் பாதத்தின் மேல்தான் சாய்ந்து நிற்கிறது. அடுக்கி வைத்த நெல்மூட்டைகளில் அடிமூட்டையை உருவுகிற கதை.

இரண்டு, லண்டானா என்ன கெட்ட செடியாக இருந்தாலும், இப்போதைக்கு அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேர்தான். வேரோடு இழுத்தால் ஒவ்வொரு செடிக்கும் ஒரு கூடை மண் வரும், ஒரு குழி மிஞ்சும். இந்த ஊரில் வருடத்துக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள். குழியில் தண்ணீர் நிற்கும், ஊறும், மண் கனக்கும், இறங்கும்.

போர்வை இழந்த சரிவு என்ன செய்யும் என்பது டேராடூனுக்குப் பாடமாகவே நடந்திருக்கிறது. முசூரி மலையைச் சுண்ணாம்புக்கல்லுக்காக உரித்தார்கள். ஊரின் ஒரு தன்னார்வ அமைப்பு 1983-ல் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. 1985-லும் 1988-லும் வந்த உத்தரவுகள் பெரும்பாலான குவாரிகளை மூட வைத்தன. இதற்கிடையில் 1982-ல் முன்னாள் ராணுவ வீரர்களைக் கொண்டு ஒரு சூழல் காப்புப் பட்டாலியன் அமைத்து முசூரி மலையில் மரம் நட அனுப்பினார்கள். சஹஸ்ரதாராவில் கைவிட்ட ஒரு சுரங்கச் சரிவை மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1984 முதல் வருடக்கணக்காகக் கட்டித் தேற்றினார்கள். கம்பிவலைக்குள் கல் அடுக்கிய தடுப்பணை, சணல் விரிப்பு, புல். ஒரு சரிவை உரிக்கச் சில மாதம் போதும். அதற்குத் தோல் வளர்க்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஐந்தாவது: கழுத்து

2009-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமித் லவ், சுரேஷ் பாபு, சி.ஆர். பாபு ஆகிய மூவர். கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து பார்த்த முறை. சாராம்சம் இவ்வளவுதான்: லண்டானாவை மேலே வெட்டாதே, வேரோடும் பிடுங்காதே. ஆணிவேரை மண்ணுக்கு மூன்றிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் கீழே, முளைக்கும் பகுதிக்கு அடியில், ஒரே வெட்டாக வெட்டு. செடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வை, வெட்டுப்பட்ட இடம் மண்ணைத் தொடக்கூடாது. பிறகு குருவி உட்காரும் மரங்களின் அடியில் முளைக்கும் நாற்றுகளைக் கையால் எடு. காலியான இடத்தில் புல்லோ உள்ளூர் மரமோ கொண்டு வா.

படித்தபோது இதென்ன பெரிய கண்டுபிடிப்பு என்றுதான் தோன்றும். ஆனால் மேலே சொன்ன நாலு ஆயுதங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். அரிவாளும் நெருப்பும் பூச்சியும் புதர்வெட்டியும் கழுத்துக்கு மேலே நின்றுவிட்டன. ஜேசிபி கழுத்தைத் தாண்டி ரொம்பக் கீழே போய்விட்டது. உயிர் இருந்தது இரண்டு விரல்கடை ஆழத்தில். அந்த இரண்டு விரலைத் தேடி வர நமக்கு இருநூறு வருடம் ஆகியிருக்கிறது. சரிவுக்கு இதில் இன்னொரு லாபம்: பக்கவேர்கள் மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. முளைக்காது, ஆனால் மக்கும்வரை ஒன்றிரண்டு வருடம் மண்ணைப் பிடித்திருக்கும். அதற்குள் புல்வேர் இறங்கிவிட வேண்டும்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. ஐம்பது அறுபது அடி உயரம், மேலிருந்து கீழ்வரை குரி. சிறுத்தை நடமாட்டம் என்று புரளி கிளம்பியதும் சங்கக் கூட்டத்தில் சுத்தம் செய்வதென்று முடிவானது. ஒப்பந்தக்காரர் ஒருவர் எந்திரம் வைத்து இரண்டு நாளில் முடிப்பதாகச் சொன்னார். அவருக்குப் பணம் சதுர அடிக்கு, அதனால் இரண்டு நாள்தான் அவருக்குக் கட்டுப்படி. கையெழுத்துப் போடும் நிலைக்கே போய்விட்டது. முந்தைய வருடம் இன்னொரு குடியிருப்பில் இதே மாதிரி செய்து, ஆகஸ்டில் வண்டி நிறுத்துமிடம் முழங்கால் சேறானதை எங்கள் சங்கத்திலேயே இருவர் நேரில் பார்த்திருந்தார்கள். அந்த ஒரு காரணத்தால்தான் நான் எடுத்துப்போன கட்டுரையைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

வேலைக்கு வந்தவர் பவுரி பக்கத்துப் பெரியவர், கூட ஐந்து பேர். இளவயதில் காட்டு வேலைக்குத் தினக்கூலியாகப் போனவர். கையில் 'குட்லா' என்ற சின்னக் கொத்து. மூன்று விரல் அகலத்தில் தகடு, ஒரு முழக் காம்பு.

"இதைவிடப் பெரிய மண்வெட்டி வாங்கித் தரட்டுமா சாச்சா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சாப். பெரிசு மண்ணை அள்ளும். நமக்கு மண்ணு வேண்டாம், கழுத்துதான் வேணும். இதை வெட்டினா பெருகும், பிடுங்கினா மலை இறங்கும்."

யோசித்துப் பார்த்தால் அந்தக் கொத்தின் ஒவ்வொரு அளவுக்கும் சரிவுதான் காரணம். நம் ஊர் மம்பட்டி சமதரைக்குப் பிறந்தது. அகலம் ஒரு சாண், நீளக் காம்பு, நின்றபடி குனிந்து மண்ணை இழுக்க வேண்டும். சரிவில் மலையைப் பார்த்து நின்றால் தரையே உங்களை நோக்கி எழுந்து வந்து நிற்கிறது. நீளக் காம்பு பின்னால் இழுக்கும், ஆளைச் சாய்க்கும். குட்டைக் காம்பு என்றால் ஒரு கையால் ஓங்கலாம், இன்னொரு கையால் செடியையோ பாறையையோ பிடித்துக்கொள்ளலாம். தகடு குறுகலாக இருந்தால் கல்லுக்கு நடுவே புகும், தேவைக்கு மேல் மண்ணைக் கிளறாது. கூட ஒரு 'கைந்தி', அதாவது பிக்காசு, கெட்டியான இடத்துக்கு மட்டும். பாட்டல் கத்தியை ஒருவர் மட்டும் வைத்திருந்தார். அது பாதை செய்யவும், மேல்தண்டைக் கழித்துக் கழுத்தைக் கண்ணுக்குத் தெரிய வைக்கவும்.

ஆறு பேர், பதினோரு நாள். முழுச் சரிவையும் ஒரேயடியாகத் திறக்கவில்லை. குறுக்குவாட்டில் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டை எடுத்து, அடுத்த பட்டையை விட்டுவிட்டார்கள். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது என்பது பெரியவரின் சட்டம். கவிழ்த்த செடிகளைச் சரிவுக்குக் குறுக்கே வரப்பு மாதிரி அடுக்கினார்கள். முதல் மழையில் பாபர் புல் நட்டோம். இந்தப் பக்கத்தில் கயிறு திரிக்கும் புல் அது, வேர் ஆழமாகப் பிடிக்கும். நடுநடுவே நொச்சிக் குச்சி. ஆமாம், நம்ம நொச்சியேதான். இங்கே நிர்குண்டி என்கிறார்கள். விட்டு வைத்த பட்டைகளை அடுத்த வருடம் எடுத்தார்கள்.

மூன்று மழைக்காலம் போயிருக்கிறது. ஒரு மூலையில் கொஞ்சம் சரிந்தது, மற்றபடி சரிவு நிற்கிறது. உச்சியில் இருக்கும் ஒரு பெரிய மரத்தடியில் மட்டும் ஓயாமல் நாற்று முளைக்கிறது. மேலே கொண்டைக்குருவிகள் மாநாடு. கட்டுரை சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. வருடத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்து ஆட்கள் போய்ப் பிடுங்குகிறோம். மழையில் மண் இளகியிருக்கும்போது நாற்று கையோடு வரும். அதற்குக் கருவியே வேண்டாம்.

இனி

2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, நம் நாட்டில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர், அதாவது 40 சதவீதத்துக்கும் மேல், லண்டானா பரவியிருப்பதாகச் சொன்னது. இது தமிழ்நாட்டின் பரப்பைவிட அதிகம். குட்லாவை எடுத்துக்கொண்டு அத்தனையையும் கொத்த முடியுமா என்று கேட்டால், முடியாதுதான். மாதேஸ்வரன் மலையில் 2004 முதல் ஏட்ரீ நிறுவனத்தார் ஆதிவாசி மக்களுக்கு லண்டானாக் குச்சியில் நாற்காலி, சோபா செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். நீலகிரிப் பக்கத்து ஆதிவாசிகள் லண்டானாவில் செய்த ஆளுயர யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. சந்தோஷமான விஷயம், கையில் நாலு காசு சேருகிறது. ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குச்சிக்காக மேலே வெட்டுவது அறுவடை. அறுவடை செய்தால் பயிர் திரும்ப வரும்.

ஆகவே உங்கள் வீட்டுப் பின்னாலோ, தோட்டத்து ஓரத்திலோ, குளத்தங்கரையிலோ சரிவில் புதர் மண்டியிருந்தால், கடைக்குப் போய் எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்வியைச் செடியிடமும் மண்ணிடமும் கேளுங்கள். இந்தச் செடி எந்த இடத்திலிருந்து திரும்ப முளைக்கிறது? இப்போது இந்த மண்ணைப் பிடித்திருப்பது எது? அதை எடுத்த பிறகு எது பிடிக்கப் போகிறது? எல்லாச் செடிக்கும் லண்டானாவின் கழுத்து இல்லை. மூங்கிலுக்கு வேறு, சீமைக்கருவேலத்துக்கு வேறு. மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்துவிட்டால் கருவி தானாகத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது கடையில் இருப்பதிலேயே மலிவானதாக இருக்கும். விலை அதிகம் அதைப் பிடிக்கத் தெரிந்த கைக்குத்தான். அந்தக் கைக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி பேசாதீர்கள், நாள் கணக்கில் பேசுங்கள். அவசரப்படுத்தினால் எந்தக் கொத்தும் அரிவாளாகிவிடும்.

இப்போது எங்கள் சரிவில் புல் இடுப்பளவு நிற்கிறது. புரட்டாசி தாண்டியதும் பக்கத்துக் குடிசைப் பெண்கள் மாட்டுக்கு அறுத்துப் போக வருகிறார்கள். கையில் தராந்தி. மண்ணுக்கு நாலு விரல் மேலே அறுக்கிறார்கள், அப்போதுதான் திரும்பத் தழையும். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.